குதிரை முள்ளங்கி: நாற்பதாண்டு தாமதித்த ஒரு பிழைதிருத்தம்

பத்திரிகையில் வந்த பிழையை மறுநாளே திருத்தி வெளியிட வேண்டும் என்பது இத்தொழிலில் நான் முதலில் கற்ற பாடங்களுள் ஒன்று. அந்தப் பாடத்தை நானே மீறிய கதை இது. சென்ற ஆண்டு ரொறன்ரோவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு கிண்ணம் கோவாச் சலாது அந்தப் பழைய பிழையை என் முன்னே கொண்டுவந்து வைத்தது.

மகளின் பக்கத்து வீட்டில் போலந்து நாட்டில் பிறந்த ஒரு மூதாட்டி வசிக்கிறார். ஒரு ஞாயிறு காலை அவர் வீட்டின் பின்புறத்தில், குளிரையும் பொருட்படுத்தாது, கண்ணீர் வழிய எதையோ துருவிக்கொண்டிருந்தார். மரவள்ளிக் கிழங்கை ஒத்த, மண்ணிறத் தோலும் வெண்ணிறச் சதையும் கொண்ட நீண்ட வேர் அது. வீட்டினுள் துருவினால் எவரும் உள்ளே இருக்க இயலாது என்பதால் வெளியே அமர்ந்ததாகக் கூறினார். அன்று நண்பகல் அந்த வேரைக் கலந்த கோல்ஸ்லோ ஒரு கிண்ணத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தது.

ஒரு கரண்டி வாயிலிட்டேன். மிளகாயின் காரம் நாவில் தொடங்கி நாவிலேயே தங்கும். இதுவோ நாவைத் தொட்டும் தொடாமலும் நேரே மூக்கினுள் ஏறி, உச்சந்தலையைத் தாக்கி, சில நொடிகளில் சுவடின்றி மறைந்தது. பேரன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கேட்டான்: “அம்மப்பா, இதுக்குத் தமிழிலை என்ன பேர்?”

என்னால் உடனே விடை கூற முடியவில்லை. ஹோர்ஸ்ரடிஷ் என்ற அந்தப் பெயருக்கு நான் ஒருமுறை தமிழ் கொடுத்திருக்கிறேன். அதனால்தான் வாய் அடைத்தது.

அந்த இரவுப் பணி

1980களின் தொடக்கம். கொழும்பில் ஒரு நாளேட்டில் இரவுப் பணியில் துணை ஆசிரியனாக இருந்தேன். வெளிநாட்டுச் செய்தி முகவரகம் ஒன்றிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. சூடானில் நைல் நதிக் கரையோரப் பெண்கள், கலங்கிய ஆற்று நீரில் ஒரு மரத்தின் விதையை இடித்துக் கலக்கித் தெளிய வைக்கிறார்கள் என்பது செய்தி. மரத்தின் பெயர் ‘ஹோர்ஸ்ரடிஷ் மரம்’ என்றிருந்தது. பக்கம் அச்சுக்குப் போக அரைமணி நேரமே இருந்தது. அகராதியைப் புரட்டாமல் ‘குதிரை முள்ளங்கி மரம்’ என்று எழுதி, ‘ஆபிரிக்காவின் அதிசய மரம்’ என்று தலைப்பும் இட்டேன்.

பத்து நாட்களின் பின் சாவகச்சேரியிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். தாங்கள் எழுதிய அதிசய மரம் என் வீட்டு வேலியில் நிற்கிறது, அதற்கு முருங்கை என்று பெயர், நேற்றும் அதன் காயைக் கறி வைத்து உண்டோம் என்பதே சாரம். முருங்கைக்குப் பேர்போன தென்மராட்சி மண்ணிலிருந்து வந்த கடிதம்! நான் வெட்கத்தால் அதை மேசை இலாச்சியினுள் போட்டேன். திருத்தம் வெளிவரவில்லை. கடிதத்துக்குப் பதிலும் எழுதவில்லை. அந்தப் பெரியவர் இன்று உயிருடன் இருக்க வாய்ப்பில்லை.

முருங்கைக்கு அப்பெயர் வந்த விதம்

உண்மையான ஹோர்ஸ்ரடிஷ் ஒரு செடி. தென்கிழக்கு ஐரோப்பாவும் மேற்காசியாவும் அதன் தாயகம். கோவா, கடுகு, முள்ளங்கி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. பெயரிலுள்ள குதிரைக்கும் செடிக்கும் தொடர்பு எதுவுமில்லை. பெரியது, முரடானது என்ற பொருளிலேயே ஆங்கிலத்தில் அச்சொல் முன்னொட்டாக வழங்கியது. நாம் ஆனைநெருஞ்சி என்கிறோம் அல்லவா? அங்கே ஆனைக்கு என்ன வேலையோ, இங்கே குதிரைக்கும் அதே வேலைதான். ஆக, என் மொழிபெயர்ப்பு மரத்தின் அளவில் மட்டுமன்றிச் செடியின் அளவிலும் பிழையானது. ‘ஆனை முள்ளங்கி’ என்று எழுதியிருந்தாலாவது பொருள் நின்றிருக்கும்.

ஜோன் ஜெரார்ட் என்ற ஆங்கிலேயர் 1597இல் வெளியிட்ட மூலிகை நூலில், ஜேர்மானியர் இவ்வேரை இடித்து வினாகிரி சேர்த்து மீனுக்கும் இறைச்சிக்கும் தொட்டுக்கொள்வதைக் குறிப்பிடுகிறார். பின்னர் ஆங்கிலேயரும் அதைத் தமதாக்கிக்கொண்டனர். வறுத்த மாட்டிறைச்சியும் ஹோர்ஸ்ரடிஷும் அவர்களது ஞாயிறு உணவின் இணைபிரியாத சோடியாயின.

அவ்வுணவில் பழகியவர்கள் கீழைத்தேயத்துக்கு ஆள வந்தபோது இறைச்சி கிடைத்தது, வேர் கிடைக்கவில்லை. குளிர்நாட்டுச் செடி நமது வெயிலில் செழிப்பதில்லை. அப்போதுதான் முருங்கை வேரைச் சுரண்டினால் அதே காரமும் மணமும் வருவதைக் கண்டார்கள். யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியான ‘ஹொப்சன்-ஜொப்சன்’ என்ற ஆங்கில-இந்தியச் சொற்களஞ்சியம் இதைத் தெளிவாகவே பதிவு செய்கிறது: சுரண்டிய வேர் ஹோர்ஸ்ரடிஷுக்குப் பதிலாகப் பயன்படுவதாலேயே மரத்துக்கு அப்பெயர் வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். துரையின் குசினியில் அந்த வேரைத் தோண்டி, கழுவி, சுரண்டிக் கிண்ணத்தில் வைத்தவர் நம்மவராகத்தான் இருந்திருப்பார். ஹோர்ஸ்ரடிஷைக் கண்ணால் கண்டிராத ஒரு குசினிக்காரரின் கைவேலை அது. அவர் பெயர் எந்த நூலிலும் இல்லை. துரை இட்ட பெயர் மட்டும் அகராதியில் ஏறி, முகவரகச் செய்தியில் ஏறி, நூறாண்டு கழித்து ஒரு தமிழ்ப் பத்திரிகைக்காரனையே ஏமாற்றியது. அதைவிட வேடிக்கை, தாவரவியலார் அம்மரத்துக்கு இட்டிருக்கும் ‘மொரிங்கா’ என்ற பெயர் நமது முருங்கையிலிருந்து பிறந்தது என்பது. அறிவியல் நமது சொல்லை எடுத்துக்கொண்டிருக்க, நான் ஆங்கிலேயரின் சமையலறைச் சொல்லை எடுத்துக்கொண்டேன்.

ஒல்லாந்தர் இரு கரைகளில் விட்டுச்சென்றவை

கிண்ணத்தில் இருந்த மற்றப் பொருளுக்கு வருவோம். கோல்ஸ்லோ என்பது ஆங்கிலச் சொல் போலத் தோன்றினாலும் அதன் வேர் ஒல்லாந்த மொழி. ‘கோல்’ என்றால் கோவா, ‘ஸ்லா’ என்றால் சலாது. 1624 முதல் ஒல்லாந்தர் வட அமெரிக்காவின் ஹட்சன் நதிப் பகுதியில் குடியேறினர். அவர்களது நியூ அம்ஸ்டர்டாம் நகரத்தை 1664இல் ஆங்கிலேயர் கைப்பற்றி நியூயோர்க் எனப் பெயர் மாற்றினர். கொடி மாறியது, அடுப்படி மாறவில்லை. 1749இல் அல்பனி நகருக்குச் சென்ற சுவீடன் தாவரவியலாளர் பேர் கால்ம், தமது ஒல்லாந்த வீட்டுக்காரப் பெண்மணி பரிமாறிய புதுமையான சலாதைப் பற்றித் தம் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கோவாவை மெல்லிய இழைகளாக அரிந்து, எண்ணெய், வினாகிரி, உப்பு, மிளகு சேர்த்துப் பிசைந்த உணவு அது. எண்ணெய்க்குப் பதிலாக உருக்கிய வெண்ணெய் ஊற்றுவதும் உண்டாம்.

அந்த 1749இல் யாழ்ப்பாணத்தை ஆண்டவர்களும் ஒல்லாந்தரே. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைப் பறித்தவர்கள், 1795இல் அதை ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். 1796இல் கொழும்பும் கைமாறியது. அதே 1796இல்தான் அமெரிக்காவில் அமீலியா சிமன்ஸ் என்ற பெண்மணியின் சமையல் நூல் அச்சாகி, ‘ஸ்லோ’ என்ற ஒல்லாந்தச் சொல்லை ஆங்கிலச் சமையல் ஏட்டில் நிலைநிறுத்தியது. ஒரு கரையில் அவர்கள் கோட்டையை இழந்த ஆண்டிலேயே, மறுகரையில் அவர்களது சலாது நூலேறியது.

நமது கரையிலும் அவர்கள் சொற்களை விட்டே சென்றார்கள். அலுவலகத்தைக் கந்தோர் என்றோமே, அது ஒல்லாந்தச் சொல். போஞ்சி என்று நாம் வாங்கும் மரக்கறியின் பெயரும் அவர்களுடையது. ஆனால் கோவா என்ற பெயர் அவர்களுக்கும் முந்திய போர்த்துக்கேயரின் ‘கோவே’ என்பதிலிருந்து வந்தது. வினாகிரியும் குசினியும் அப்படியே. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் சிறைப்பட்டிருந்து தப்பிய றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியான தமது நூலில் கோவா இனக் கீரை, கரட், முள்ளங்கி ஆகியவை வெளியிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டவை எனக் குறிப்பிடுகிறார்.

ஆக, கோவாவும் வந்தது, வினாகிரியும் வந்தது, ஒல்லாந்தரும் வந்தனர். சலாது மட்டும் நம் இலையில் ஏறவில்லை. நாம் கோவாவை அரிந்து, தேங்காய்ப்பூவும் மஞ்சளும் சேர்த்து வறையாக்கினோம். வந்த பொருளை ஏற்றுக்கொண்டு, வந்த முறையை விட்டுவிட்டோம். அமெரிக்காவிலோ முறை நிலைத்து, பெயர் சிதைந்தது. ‘கோல்’ என்பதன் பொருள் அறியாத ஆங்கிலேயர் அதைக் குளிர்ச்சி என்று எண்ணிக் ‘கோல்ட் ஸ்லோ’ என்றார்கள். அதனால் ‘சூடான ஸ்லோ’ என்றும் ஒன்று பிறந்தது! சொல்லைத் தவறாகக் கேட்டவன் நான் ஒருவன் மட்டுமல்லன் என்பதில் எனக்குச் சிறு ஆறுதல்.

போத்தலில் அடைத்த மயோனைஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய பின்னரே கோல்ஸ்லோ இன்றைய வெள்ளைக் குழம்பு வடிவத்தைப் பெற்றது. ஹோர்ஸ்ரடிஷோ அதற்கு முன்பே போத்தலில் ஏறிவிட்டது. பின்னாளில் தக்காளிச் சோஸினால் உலகப் புகழ் பெற்ற ஹென்றி ஹைன்ஸ், பென்சில்வேனியாவில் 1869இல் முதன்முதல் விற்றது துருவிய ஹோர்ஸ்ரடிஷைத்தான். கலப்படமில்லை என்று வாங்குபவர் கண்ணால் காணத் தெளிந்த கண்ணாடிப் போத்தலில் விற்றார்.

செய்முறை

மூதாட்டி சொல்லிக்கொடுத்ததை எழுதுகிறேன். அரைக் கோவாவை இயன்றளவு மெல்லியதாக அரிந்து, ஒரு தேக்கரண்டி உப்பிட்டுப் பிசைந்து அரைமணி நேரம் விட்டு, நீரைப் பிழிந்துவிட வேண்டும். பிழியாவிட்டால் சலாது குளமாகிவிடும். ஒரு கரட்டைத் துருவிச் சேர்க்கலாம். பின்பு வேரின் தோலைச் சீவி, இரண்டு மேசைக்கரண்டி அளவு துருவி, இரண்டு மூன்று நிமிடம் சும்மா விட வேண்டும். அதன் பிறகே வினாகிரி இரண்டு கரண்டி. கடைசியில் அரைக் கோப்பை மயோனைஸ், சிறிது புளித்த பாலாடை, ஒரு சிட்டிகை சீனி, மிளகுத்தூள். எல்லாவற்றையும் கலந்து ஒரு மணி நேரம் குளிரில் வைத்தால் போதும்.

அந்த இரண்டு மூன்று நிமிடத்தில்தான் முழு இரகசியமும் உள்ளது. முழு வேருக்கு மணமே கிடையாது. துருவும்போது கலங்கள் சிதைய, தனித்தனியே இருந்த சினிகிரின் என்ற பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும் சந்தித்து, அல்லைல் ஐசோதயோசயனேற்று என்ற காரமான எண்ணெயை உண்டாக்குகின்றன. அது எளிதில் ஆவியாவதால் மூக்கில் ஏறுகிறது. வினாகிரி அந்த வினையை நிறுத்தி, உண்டான காரத்தைக் காக்கிறது. முந்தி ஊற்றினால் காரம் பிறக்காது, மிகப் பிந்தினால் பறந்துவிடும். அடுப்பிலிட்டாலும் அழிந்துவிடும். ஆகவே இவ்வேருக்குச் சமைக்காத உணவே ஏற்ற இடம். நமது அச்சாறில் அரைத்த கடுகு தரும் காரமும் இதுவேதான். பச்சைக் கோவாவைக் கடிக்கும்போது எழும் இலேசான உறைப்பும் அதே இனத்தது. சலாதில் கோவாவும் வேரும் கூடும்போது ஒரே குடும்பத்து உறவினரே கூடுகிறார்கள்.

முருங்கையும் அவ்வுறவில் உண்டா? ஹொப்சன்-ஜொப்சன், இம்மரத்தை எந்த வரிசையில் சேர்ப்பதென்று தாவரவியலார் அறியாது நின்றதையும் குறிப்பிடுகிறது. மரபணு ஆய்வின் அடிப்படையில் 1998இல் வெளியான புதிய வகைப்பாடு, முருங்கையைக் கோவாவும் கடுகும் ஹோர்ஸ்ரடிஷும் இருக்கும் அதே வரிசையில் வைத்தது. முருங்கை வேரின் காரமும் ஐசோதயோசயனேற்று வகையே. அறிஞர்கள் நூறாண்டு தேடிக் கண்ட உறவை, பெயரில்லாத அந்தக் குசினிக்காரரின் மூக்கு முன்னரே கண்டுபிடித்திருந்தது.

வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இதைப் படித்துவிட்டு எவரும் முருங்கை வேரைத் தோண்ட வேண்டாம். அதன் வேர்ப்பட்டையில் நச்சுப் பொருள் உண்டு. இலையும் பூவும் காயும் நமக்குப் போதும். 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையால் மலைநாட்டுக் கோவா யாழ்ப்பாணத்துக்கு வருவது அரிதான நாட்களில், என் தாயார் முருங்கை இலை வறையுடன்தான் பல நாட்கள் சோறு உண்டார். கடிதத்தில் அதை ஒரு குறையாக அவர் எழுதியதில்லை. வேலியில் மரம் நிற்கிறது என்று மட்டும் எழுதியிருந்தார். சாவகச்சேரிப் பெரியவரும் அதையேதான் எழுதியிருந்தார் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

பேரனிடம் சொன்னேன்: “இந்த வேருக்குத் தமிழிலை பேர் இல்லை, ராசா. ஆனால் இதே காரம் எங்கட முருங்கை வேரிலையும் இருக்குது.” அவன் கைத்தொலைபேசியில் முருங்கையின் படத்தைத் தேடி எடுத்து, “இது அம்மா வாங்கிற காய்” என்றான். ரொறன்ரோக் கடைகளில் முருங்கைக்காய் கிடைக்கிறது. என்னைப் போல் அவன் ஏமாறமாட்டான்.

பத்திரிகை மரபுப்படி திருத்தத்தை இங்கே பதிவு செய்கிறேன். 1980களின் தொடக்கத்தில் நான் எழுதிய செய்தியில் ‘குதிரை முள்ளங்கி மரம்’ என்று வந்ததை ‘முருங்கை மரம்’ எனத் திருத்தி வாசிக்கவும். தவறுக்கு வருந்துகிறேன்.