எளியோரைக் குறிக்குஞ் சொற்கள்

கடலூருக்குத் தெற்கே, சிதம்பரஞ் செல்லும் இருப்புப்பாதையை அடுத்துச் செம்மங்குப்பம் என்னும் ஊர் உளது. ஆனித் திருமஞ்சனத்திற்கும் மார்கழித் திருவாதிரைக்கும் புகைவண்டியிற் றில்லை நோக்கிச் செல்லும் அன்பர் பலர் இவ்வூரைக் கடந்தே செல்வர். அதன் பெயரை எண்ணிப் பார்ப்பார் சிலரே. மங்கலம், நல்லூர் என முடியும் பெயர்களுட் பல அரசரும் செல்வரும் இட்டவை. குப்பம் அத்தகையதன்று. குடிசைகள் சில ஒருங்கு குழுமிய இடத்திற்கு ஆண்டு வாழ்ந்தாரே வழங்கிய பெயர் அது. கடற்கரையிற் பரதவர் உறையுளையும் உள்நாட்டில் உழவர் சிற்றூரையும் அஃது ஒப்பக் குறிக்கும். அச்சொல்லே நகரத்தார் வாயில் வசைமொழியாயிற்று. உறைவிடத்தின் பெயர் உறைவாரை இழித்தற்குக் கருவியானது எங்ஙனம்? இவ்வாராய்ச்சி சைவர்க்குப் புறம்பானதன்று. நம் திருத்தொண்டர் வரலாற்றிற் பெரியதொரு பகுதி இத்தகைய சிற்றூர்களில் வாழ்ந்தார் வரலாறேயாம்.

சேரி என்னுஞ் சொல்லை முதற்கண் நோக்குவாம். சேர்ந்து வாழுமிடம் சேரி. பிறிதொரு பொருள் அதற்குத் தொடக்கத்தில் இல்லை. முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921 ஆம் ஆண்டுகளில் உத்தரமேரூரிற் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுக்கள் அச்சதுர்வேதிமங்கலத்தின் பன்னிரண்டு சேரிகளைக் கூறுகின்றன. அச்சேரிகளில் வாழ்ந்தோர் அந்தணர். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின் எழுந்த தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுக்களில், வரிநீங்கிய நிலங்களை எண்ணுமிடத்துக் கம்மாணச்சேரியும் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் காணப்படுகின்றன. ஆண்டும் சேரி என்பது இழிசொல்லன்று. முன்னின்ற அடைமொழிதான் வேற்றுமையைச் சுமந்தது. காலஞ் செல்லச்செல்ல அடைமொழி உதிர்ந்தது. அதன் சுமை முழுதும் சேரி என்பதன் தலைமேல் ஏறிற்று.

குடி என்பதன் வரலாறு இன்னும் விரிவுடையது. குடும்பத்தையும் குலத்தையும் குறித்த இச்சொல் சோழர் கல்வெட்டுக்களில் நிலத்தை உழுது பயன்கொள்வோனையும் குறிக்கும். கோயில்களுக்கு நிலம் விடுங்கால் 'குடிநீங்காத் தேவதானம்' என்றும் 'குடிநீக்கித் தேவதானம்' என்றும் இருவகையாக எழுதினர். முன்னையதில் உழுகுடிகள் தம் நிலத்தினின்றும் பெயர்க்கப்படார், பின்னையதிற் பெயர்க்கப்படுவர். திருக்கோயில் அறச்செயல்களைப் போற்றியெழுதும் நாம் இவ்விரு தொடர்களின் வேற்றுமையை விரைந்து கடந்துவிடுகின்றோம். ஒரு சொல்லின் முடிபிலே ஒரு குடும்பத்தின் வாழ்வு நின்றது என்பதை மறத்தலாகாது. பின்னர்க் குடிமக்கள் என்பது வண்ணார், நாவிதர் முதலாகத் தொழில்செய்து வாழ்வார்க்கே உரிய பெயராகச் சுருங்கிற்று. யாழ்ப்பாணத்து வழக்கிலும் இப்பொருள் உண்டு. 1950 இல் இந்தியா குடியரசான பின்னரோ நாட்டின் தலைவரும் கடைக்கோடியில் வாழ்வாரும் ஒருங்கே குடிமக்களாயினர். சொல் ஒன்று வீழ்ந்து மீண்டும் எழுந்தமைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

மகாசனம் என்பது வேறு நெறியிற் சென்றது. கன்னட நாட்டுக் கல்வெட்டுக்களில் அந்தணர் ஊரவையைக் குறித்த அது, பிற்காலத்தே தமிழில் எல்லா மக்களையும் குறிப்பதாய் விரிந்தது. 1884 இற் றோன்றிய சென்னை மகாசன சபையின் பெயரில் இவ்விரிந்த பொருளைக் காணலாம்.

இனிப் பாமரர் என்பது. பிராகிருதத் தொகைநூலாகிய காதாசப்தசதியில் இஃது நாட்டுப்புறத்து உழவனைக் குறித்து வரும். வடநூல் வழக்கில் அறிவிலி, கீழ்மகன் என்னும் பொருள்களையும் ஏற்றது. நம் சைவ மேடைகளிலோ, 'பாமரரும் உணரும்படி' என்று சொற்பொழிவாளர் கூறாத நாளில்லை. அவ்வாறு கூறுங்காலெல்லாம் அவையின் பின்புறத்தே அமர்ந்திருக்கும் முதியோரை யான் நோக்குவதுண்டு. அவருட் பலர் தேவாரத்தைப் பண்ணோடு ஓதவல்லவர். எழுத்தறியாமை ஒன்றே பற்றி அவரைப் பாமரர் என்றல் யாங்ஙனம் பொருந்தும்?

சித்தாந்த நூல்கள் இப்பிரிவை அறியா. ஆன்மாக்களை விஞ்ஞானகலர், பிரளயாகலர், சகலர் என மூவகையாக அவை பகுக்கும். ஆணவம் ஒன்றே உடையார் முன்னவர். ஆணவமும் கன்மமும் உடையார் நடுவணவர். மாயையுஞ் சேர மும்மலமும் உடையார் சகலர். சகலர் என்பதற்கு 'எல்லாரும்' என்று பொருள் கொள்வார் உளர், அது பிழை. கலையோடு கூடியவர் என்பதே பொருள். ஆயினும் மன்னனும் மண்சுமப்பானும், நூலாசிரியனும் அந்நூலைப் படிக்க அறியாதானும் இவ்வொரு வகையுள்ளே அடங்குதலின், அப்பிழையிலும் ஓர் உண்மை உண்டு. ஆசிரியத் திருமேனி கொண்டு இறைவன் எழுந்தருள்வதும் இச்சகலர் பொருட்டேயாம்.

இக்கொள்கையின் நிழலைத் திருத்தொண்டத்தொகையிற் றெளிவாகக் காணலாம். நம்பியாரூரர் முதற்கண் தில்லைவாழந்தணரை வைத்தார். அடுத்து வைத்தது, அத்தில்லையிலே திருவோடு வனைந்து அடியார்க்கு அளித்த திருநீலகண்டரை. அவரையும் 'குயவனார்' எனத் தொழிற்பெயராலேயே சுட்டினார். ஆர் விகுதியே அத்தொழிலை உயர்த்திற்று என்பார் உளர். அதற்கு யான் முற்றும் உடன்படேன். அப்பதிகத்திலேயே பாண்டியர் கோமான் நெடுமாறன் என னகர ஈற்றால் நிற்கின்றார். நாகைப் பரதவராகிய அதிபத்தரும் அவ்வாறே நிற்கின்றார். யாப்பு வேண்டியாங்கு விகுதி அமைந்தது எனக் கொள்ளினும், பிறப்பு நோக்கி அமைந்திலது என்பது தேற்றம். மேலும், குயவன் என்னும் பெயர் மறைத்தற்குரியதென்று ஆரூரர் கருதவில்லை. விகுதியினும் இதுவே பெரிது.

தில்லையை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்தவர் உமாபதி சிவம். சங்கற்ப நிராகரணம் அவர் 1313 இல் இயற்றியது. திருக்கோயிலுக்கு விறகு சுமந்து வந்த பெற்றான் சாம்பனுக்குத் தீக்கை செய்க என அவர்க்குத் திருமுகம் ஒன்று வந்ததென்பது வழிவழி வருஞ் செய்தி. சாம்பனை உலகம் எந்நிலையில் வைத்து எண்ணிற்று என்பதை அன்பர்கள் அறிவர். அடியார்க்கு அணுகுதற்குரியன் என்னும் பொருள்பட, அத்திருமுகத்தில் இறைவன் தன்னைக் குறிக்க எடுத்த சொல் 'எளியன்' என்பது.