ஒரு கிரவுண்டில் ஒரு வருஷம்: பிரிட்டனின் போர்க்காலக் காய்கறித் தோட்டம்

ஆடி பிறந்துவிட்டது. உங்க ஃபீடிலும் என் ஃபீடிலும் இப்போ ஒரே விஷயம்தான் ஓடிக்கொண்டிருக்கும்: மாடித்தோட்டம். க்ரோ பேக், தேங்காய் நார்க்கழிவு, அஞ்சு வகை விதை சேர்ந்த ஸ்டார்ட்டர் கிட். கூடவே ஒரு வசனம் வரும்: இனிமே கடையில் காய் வாங்கவே வேண்டாம், தற்சார்பு வாழ்க்கை. எனக்குத் தோட்டத்தின் மேல் எந்தக் கோபமும் கிடையாது. ஆனால் இந்த வசனத்தை ஒரு நாடே ஒருமுறை ஆறு வருஷத்துக்கு சீரியஸாகச் சோதித்துப் பார்த்திருக்கிறது. அந்தச் சோதனையில் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்பதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

வருஷம் 1939. பிரிட்டன் தன் சாப்பாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கப்பலில் இறக்குமதி செய்துகொண்டிருந்த நாடு. கனடாவிலிருந்து கோதுமை, டென்மார்க்கிலிருந்து பன்றி இறைச்சி, நியூசிலாந்திலிருந்து வெண்ணெய். செப்டம்பர் 3-ஆம் தேதி போர் அறிவிக்கப்பட்டது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடிக்க ஆரம்பித்தன. அடுத்த மாதத் தொடக்கத்திலேயே வேளாண் அமைச்சர் ரெஜினால்ட் டோர்மன்-ஸ்மித் ரேடியோவில் வந்து மக்களிடம் மண்வெட்டியை எடுக்கச் சொன்னார். 'டிக் ஃபார் விக்டரி', அதாவது வெற்றிக்காகத் தோண்டு என்பதுதான் முழக்கம்.

அவர் வெறும் முழக்கத்தோடு நிறுத்தவில்லை, ஒரு எஸ்டிமேட்டும் கொடுத்தார். இன்னும் 5 லட்சம் அலாட்மெண்ட்டுகள் ஒழுங்காகப் பயிரிடப்பட்டால், 10 லட்சம் பெரியவர்களுக்கும் 15 லட்சம் குழந்தைகளுக்கும் வருஷத்தில் எட்டு மாசத்துக்கு உருளைக்கிழங்கும் காய்கறியும் கிடைக்கும் என்பது அந்தக் கணக்கு. அலாட்மெண்ட் என்றால் நகராட்சி குறைந்த வாடகைக்கு விடும் காய்கறி நிலத்துண்டு. வீட்டில் கொல்லை இல்லாதவர்களுக்கான கொல்லை என்று வைத்துக்கொள்ளுங்க. அந்தக் கணக்கில் எனக்குப் பிடித்தது, அது எட்டு மாசம் என்று சொன்னதுதான். பன்னிரண்டு மாசம் என்று வாய்கூசாமல் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மீதி நாலு மாசம்தான் இந்தத் திட்டத்தின் உண்மையான சிக்கல்.

ஏன் என்று சொல்றேன். புதுசாகத் தோட்டம் போடுகிற யாரும் தனக்குப் பிடித்ததைத்தான் நடுவார்கள். இங்கிலாந்தில் அது லெட்யூஸ், அவரை வகைகள், தக்காளி. எல்லாம் ஜூலை ஆகஸ்டில் ஒரே நேரத்தில் காய்த்துத் தள்ளும். பக்கத்து வீட்டுக்கும் அதே நிலைமை என்பதால் ஓசியில் கொடுத்தாலும் வாங்க ஆள் இருக்காது. பிப்ரவரியில் மண் உறைந்து கிடக்கும்போது தோட்டத்தில் ஒன்றுமே இருக்காது. குளிர்கால முடிவுக்கும் புது விளைச்சலுக்கும் நடுவில் வரும் இந்த வறட்சிக்கு ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் வைத்திருக்கும் பேரே பசி இடைவெளிதான். போரில் ஜெயிக்க ஆகஸ்ட் தக்காளி உதவாது. பிப்ரவரியில் முட்டைக்கோஸ் வேண்டும்.

அமைச்சகம் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டது. அதன் பதில்தான் 'டிக் ஃபார் விக்டரி' துண்டுப்பிரசுரம் எண் 1. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனாகச் சொல்றேன், நான் பார்த்த மிக நல்ல திட்ட ஆவணங்களில் அதுவும் ஒன்று. 90 அடிக்கு 30 அடி மனை. 2,700 சதுர அடி, அதாவது நம்ம ஊர்க் கணக்கில் ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. அதை வரிசை வரிசையாகப் பிரித்து வரைந்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு அட்டவணை: எந்தப் பயிர், எப்போ விதைக்கணும், வரிசைக்கு வரிசை எத்தனை இடைவெளி, எந்த மாசத்திலிருந்து எந்த மாசம் வரை சாப்பிடலாம். கோடைக்கு மட்டுமல்லாமல் குளிர்காலத்துக்கும் பயிரிடு என்பதுதான் அதன் தலைப்பே.

இந்த அட்டவணையைப் பின்னாலிருந்து படிக்கணும். பிப்ரவரியில் தட்டில் என்ன வேண்டும் என்று முதலில் கேட்கணும். பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் என்கிற குட்டிக் கோஸ் பனியைத் தாங்கும், நவம்பரிலிருந்து மார்ச் வரை பறிக்கலாம். அப்படியானால் நாற்றை மே ஜூனில் நடணும், விதையை மார்ச் ஏப்ரலில் போடணும். லீக் என்கிற வெங்காயத்தண்டு வகையும் பார்ஸ்னிப் என்கிற கிழங்கும் குளிர் முழுக்க மண்ணிலேயே இருக்கும், தேவைப்படும்போது பிடுங்கிக்கொள்ளலாம். முதல் உருளைக்கிழங்கைத் தோண்டி எடுத்த இடம் காலியாகுதா? அங்கேயே லீக் போடு. பட்டாணி வரிசைகளுக்கு நடுவில் இடம் சும்மா கிடக்குதா? அங்கே கீரை எடுத்துவிடு. டெலிவரி பிப்ரவரியில், ஆனால் டிக்கெட்டைப் போன மார்ச்சிலேயே ஓபன் பண்ணியாகணும்.

பயிர் சுழற்சியும் இதில் இருந்தது. மனையை மூன்று பாகமாகப் பிரித்து, கோஸ் குடும்பம், கிழங்குகள், பட்டாணி வெங்காயம் போன்ற மற்றவை என வருஷா வருஷம் இடம் மாற்றுவார்கள். கோஸ் குடும்பம் ஒரே இடத்தில் தொடர்ந்து இருந்தால் வேர் வீங்கி அழுகும் கிளப்ரூட் நோய் மண்ணில் தங்கிவிடும், அதற்காக. ஆசையாக வளர்த்த புல்வெளியைக் கொத்தித் தோட்டமாக்கியவர்களுக்கு வேறொரு தலைவலி. புல் மண்ணில் இருக்கும் கம்பிப்புழு உருளைக்கிழங்கைத் துளை போட்டுத் தின்றுவிடும். தோண்டிப் பார்த்தால் கிழங்கு ஜல்லடையாக இருக்கும்.

இந்த இடத்தில் நம்ம கதைக்கும் ஒரு பாடம் இருக்கு. சென்னைக்கு அந்த இடைவெளி பிப்ரவரியில் வராது, அக்னி நட்சத்திரத்தில் வரும். மே மாசம் மாடியில் என்ன நிற்கும்? கொத்தவரை நிற்கும், வெண்டை நிற்கும், தண்டுக்கீரை தாக்குப்பிடிக்கும். வெண்டை விதைத்து 45, 50 நாளில் காய்க்க ஆரம்பிக்கும். அதனால் மே மாசக் குழம்புக்கு மார்ச்சில் விதை விழணும். ஆடிப்பட்டத்தில் எல்லாத்தையும் ஒரே நாளில் போட்டு முடிக்கிற ஸ்டார்ட்டர் கிட் இந்தக் கணக்கைச் சொல்லித் தருவதில்லை.

சரி, பிரசுரம் அச்சடித்துவிட்டார்கள். யார் படிப்பார்கள்? அங்கேதான் என் தொழில்முறை முன்னோடி ஒருவர் வருகிறார். சி. ஹெச். மிடில்டன். ஒரு பிரபு வீட்டுத் தலைமைத் தோட்டக்காரரின் மகன். 1931-லிருந்து பிபிசியில் தோட்டம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில் அவர் குரல் வரும். லட்சக்கணக்கானோர் கேட்டார்கள். மேடைப் பேச்சுத் தொனி கிடையாது, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசும் அண்டை வீட்டுக்காரர் மாதிரி, அலுத்துக்கொண்டும் கிண்டலடித்துக்கொண்டும் பேசுவார். அட்டவணையை ஆறு வருஷம் உயிரோடு வைத்திருந்ததில் அந்தக் குரலுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து. நான் பாட்காஸ்ட் நடத்துகிறவன், கொஞ்சம் பாரபட்சம் இருக்கத்தான் செய்யும்.

பலன்? அலாட்மெண்ட்டுகள் சுமார் 8 லட்சத்திலிருந்து 1943-க்குள் 14 லட்சமாக ஆயின. லண்டன் கோபுரக் கோட்டையின் அகழியில் காய்கறி விளைந்தது. கென்சிங்டன் பூங்காவில் ஆல்பர்ட் நினைவுச்சின்னத்துக்குப் பக்கத்தில் பாத்தி கட்டினார்கள். கிழக்கு லண்டன் பெத்னல் கிரீனில் குண்டு விழுந்து இடிந்த வீட்டு மனைகளில், செங்கல்லைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கோஸ் நட்டார்கள். 1941-லிருந்து கோடைக் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னே நகர்த்தி வைத்ததால், ஷிஃப்ட் முடிந்து வந்த தொழிலாளிக்கும் வெளிச்சத்தில் களை பறிக்க நேரம் கிடைத்தது.

வெங்காயத்தின் கதை தனி. பிரிட்டன் வெங்காயத்தைப் பெரும்பாலும் பிரெஞ்சுக் கடற்கரையிலிருந்தும் சேனல் தீவுகளிலிருந்தும் வாங்கியது. 1940 கோடையில் இரண்டும் ஜெர்மனி கைக்குப் போயின. வெங்காயம் மறைந்துவிட்டது. 1941-ல் 'தி டைம்ஸ்' அலுவலகத்தில் ஒரே ஒரு பெரிய வெங்காயத்துக்குக் குலுக்கல் சீட்டு நடத்தி 4 பவுண்டுக்கு மேல் வசூலித்தார்கள். நம்ம ஊரில் வெங்காய விலை ஆட்சியையே அசைக்கும் என்பதால் இது நமக்கு ஈஸியாகப் புரியும். கொல்லைத் தோட்டம் தன் பலத்தைக் காட்டிய இடமும் இதுதான். அடுத்தடுத்த வருஷங்களில் வீட்டுக்கு வீடு வெங்காயப் பாத்தி வந்தது.

இதுவரை கேட்டால் தோட்டம்தான் பிரிட்டனைக் காப்பாற்றியது என்று தோன்றும். பலர் அப்படித்தான் கதையை முடிப்பார்கள். ஒரு சின்னக் கணக்கு போடுங்க. 100 கிராம் கோஸில் சுமார் 25 கலோரி. ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 2,000 கலோரி என்று வைத்தால், 8 கிலோ கோஸ் சாப்பிடணும். தோட்டம் கொடுத்தது வைட்டமின், ருசி, கப்பலில் மிச்சமான இடம். வயிற்றை நிரப்பியது வேறு. சுமார் 60 லட்சம் ஏக்கர் மேய்ச்சல் நிலத்தை உழுது தானியமும் கிழங்கும் போட்டார்கள். அந்த வயல்களில் பெண்கள் நிலப்படையின் 80,000-க்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்தார்கள். கனடா கோதுமை கடற்படைக் காவலோடு தொடர்ந்து வந்து இறங்கியது. 1940 ஜனவரியிலிருந்தே ரேஷன் புத்தகம் எல்லோர் கையிலும் இருந்தது. போர் முடியும் வரை ரொட்டிக்கு ரேஷனே கிடையாது. போர் முடிந்த பிறகு, 1946 ஜூலையில், உலகத் தானியத் தட்டுப்பாட்டில்தான் முதன்முறையாக ரொட்டிக்கு ரேஷன் வந்தது. அப்போதும் தோட்டங்கள் இருந்தன.

ஆரம்பத்தில் ரேடியோவில் பேசினாரே டோர்மன்-ஸ்மித், அவர் அப்புறம் என்ன ஆனார் தெரியுமா? 1940 மே மாதம் அமைச்சர் பதவி போனது. 1941 மே மாதம் பர்மாவின் கவர்னராக அனுப்பப்பட்டார். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. அவர் விமானத்தில் இந்தியா வந்து சிம்லாவிலிருந்து பேருக்கு ஒரு அரசை நடத்தினார். பர்மாவிலிருந்த இந்தியர்களில் லட்சக்கணக்கானோர் காட்டு வழியாக நடந்தே வந்தார்கள், அதில் தமிழர்கள் ஏராளம். வங்காளமும் சென்னை மாகாணமும் இலங்கையும் வாங்கிக்கொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோனது.

1943 வங்காளப் பஞ்சத்துக்கு அது மட்டுமே காரணம் அல்ல. ஜப்பானியர் கையில் கிடைக்கக் கூடாது என்று கடலோரக் கிராமங்களின் அரிசியையும் பல்லாயிரம் படகுகளையும் 1942-லேயே அரசு அப்புறப்படுத்தியது. அக்டோபரில் மிதுனாப்பூரைப் புயல் அடித்தது. போர்ச் செலவில் விலைவாசி ஏறியது, கூலி ஏறவில்லை. முதலில் செத்தவர்கள் நிலமில்லாத கூலிகள், படகை இழந்த மீனவர்கள், கைவினைஞர்கள். சாவு எண்ணிக்கை சுமார் 30 லட்சம் என்பது பின்னாளைய மதிப்பீடு. கல்கத்தாவில் ரேஷன் தொடங்கியது 1944 ஜனவரி இறுதியில். லண்டனில் தொடங்கி நாலு வருஷம் கழித்து.

அதே போர்க் காலத்தில் இந்தியாவுக்கும் ஒரு முழக்கம் வந்தது: அதிக உணவு உற்பத்தி செய். கேட்க டிக் ஃபார் விக்டரி மாதிரியேதான் இருக்கும். பெத்னல் கிரீன் தொழிலாளிக்கு நகராட்சி நிலம் கொடுத்தது, ரேஷன் இல்லாமலே ரொட்டி கிடைத்தது, அந்தத் தைரியத்தில் அவர் கோஸ் நட்டார். மிதுனாப்பூர்க் கூலிக்கு நட நிலமும் இல்லை, நட்டது விளையும் வரை தின்ன அரிசியும் இல்லை. மாடித்தோட்ட ரீல்ஸில் 'தற்சார்பு' என்ற வார்த்தை வரும்போதெல்லாம் எனக்கு இந்த ரெண்டு பேரும் ஞாபகத்துக்கு வருவார்கள்.

இந்திய இயக்கம் சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. ஏன் எதிர்பார்த்த அளவு பலிக்கவில்லை என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். தலைவர், கரூர் பக்கம் வாங்கல் ஊரைச் சேர்ந்த வி. டி. கிருஷ்ணமாச்சாரி. 1952-ல் வந்த அந்த அறிக்கை, விளைச்சலைக் கிராமத்தின் மற்ற வாழ்க்கையிலிருந்து தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது என்றது. அதன் பரிந்துரைப்படி 1953-ல் தேசிய விரிவாக்கச் சேவை தொடங்கியது. கிராமத்துக்குக் கிராமம் ஆள் போய் விவசாயியிடம் பேசும் ஏற்பாடு அது.

அடுத்த எபிசோடில், பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களின் வழித்தடங்களைப் பார்க்கலாம். அதுவரைக்கும் மார்ச் மாசத்துக்கு ஒரு வெண்டை ரிமைண்டர் போட்டு வைங்க.