ஒன்பது பல்லின் விலை

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜோர்ஜ் வொஷிங்டன் மரத்தால் செய்த பல்லுக் கட்டியிருந்தார் என்று ஒரு கதை இருக்கிறது. கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனால் உண்மை இல்லை. அவர் கட்டிய பல்லுகளில் நீர்யானைத் தந்தம் இருந்தது, ஈயம் இருந்தது, தங்கக் கம்பி இருந்தது. மனிதப் பல்லும் இருந்தது. மரம் மட்டும் இல்லை.

அந்த மனிதப் பல்லு ஆருடையது?

வொஷிங்டனின் மவுண்ட் வேர்ணன் தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில், 1784 மே மாதத்தில் ஒரு வரி இருக்கிறது. ஒன்பது பற்களுக்காகக் கறுப்பின மக்களுக்கு 6 பவுண் 2 ஷிலிங் கொடுத்ததாக அது சொல்கிறது. லே மயேர் என்ற பிரெஞ்சுப் பல் வைத்தியரின் பெயரில் அந்தச் செலவு எழுதப்பட்டிருக்கிறது. இதே லே மயேர் பத்திரிகையில் விளம்பரம் போட்டும் முன்பல் வாங்கினார். ஒரு பல்லுக்கு 2 கினி, அதாவது 42 ஷிலிங். அடிமைகளின் பல் வேண்டாம் என்றும் அதிலே இருந்தது. தோட்டத்து மக்களுக்குக் கிடைத்ததோ பல் ஒன்றுக்கு 14 ஷிலிங்கும் வராது.

அந்த ஒன்பதும் வொஷிங்டனின் வாய்க்குத்தான் போனதா என்று அந்த வரியில் இல்லை. காசு குடுத்துத்தானே வாங்கினவை என்று ஆரும் கேட்கலாம். தன் உடம்பே தனக்குச் சொந்தமில்லாத ஒருவர் 'தரமாட்டன்' எண்டு சொல்ல ஏலுமா? கட்டுப்பல்லு பாதுகாப்பானதா, அடைச்ச பல்லு பாதுகாப்பானதா என்று இன்றைக்கு நாங்கள் கேட்கிறோம். நல்ல கேள்விதான். ஆனால் இந்தக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்த பிறகு எனக்கு இன்னொரு கேள்வியும் வருகிறது: அந்தப் பல்லுக்கான விலையை ஆர் குடுத்தது?

இவ்வளவு செய்தும் அந்தப் பல்லால் பெரிய பிரயோசனமும் இருக்கவில்லை. 1789இல் பதவியேற்றபோது வொஷிங்டனுக்குச் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். மேல் தட்டையும் கீழ்த் தட்டையும் கம்பிச் சுருள்கள் தள்ளிப் பிடித்தன. வாயை மூடி வைத்திருப்பதே ஒரு வேலை. தந்தம் எச்சிலில் ஊறிப் பழுதாகி மணக்கும். அந்தக் காலத்துக் கட்டுப்பல்லு சாப்பிடுவதற்கென்று இல்லை, ஆக்களுக்கு முன்னால் முகத்தைக் காட்டுவதற்குத்தான்.

1815இல் வோட்டர்லூ சண்டை முடிந்ததும், செத்துக் கிடந்த படையினரின் வாயிலிருந்து முன்பல்லுகளைப் பிடுங்கி விற்றார்கள். இளம் பெடியளின் பழுதில்லாத பல்லு என்பதால் நல்ல கிராக்கி. பிரித்தானியாவில் 'வோட்டர்லூப் பல்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. போட்டவர்கள் பணக்காரர். பிடுங்கப்பட்டவர்களின் பெயர் எதிலும் இல்லை.

இந்த வியாபாரத்தைக் குறைத்தவை இரண்டு பொருட்கள். ஒன்று, பீங்கான் பல். மற்றது, கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இறுக்கிய ரப்பர். வாயை அச்செடுத்து, அதற்கு அளவாக ரப்பர்த் தட்டை வார்க்கலாம். தங்கத் தட்டோடு பார்க்க விலை எவ்வளவோ குறைவு. சாதாரண சனமும் பல்லுக் கட்டத் தொடங்கியது இதனால்தான். ஆனால் அதற்கும் ஒரு கம்பனி காப்புரிமை வைத்திருந்தது. அமெரிக்காவில் பல் வைத்தியர்கள் அந்தக் கம்பனிக்குப் பணம் கட்ட வேண்டும், கட்டாதவருக்கு வழக்கு. கடைசியில் 1879இல் சான் பிரான்சிஸ்கோவில், சாமுவேல் சல்ஃபன்ற் என்ற பல் வைத்தியர் கம்பனிப் பொருளாளர் ஜோசையா பேக்கனைச் சுட்டுக் கொன்றார். மலிவான பல்லுக்காக ஒரு கொலை!

அடைக்கிற பல்லின் கதையும் காசோடுதான் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் பல்லுக் குழியைச் சரியாக அடைப்பதென்றால் தங்கத் தகடு. செலவு மட்டும் இல்லை, தட்டித் தட்டி இறுக்குகிற வலி வேறு. 1833இல் குரோக்கர் சகோதரர்கள் நியூயோர்க்குக்கு வெள்ளியும் பாதரசமும் கலந்த ஒரு பசையைக் கொண்டு வந்தார்கள். மலிவு, கெதியில் முடியும். ஆனால் சூத்தையைச் சுரண்டாமலே மேலால் அப்பிவிட்டார்கள்.

தங்கத்தால் பிழைத்த வைத்தியர்கள் கொதித்து எழும்பினார்கள். 1840இல் உருவான அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம், இந்தப் பசையைத் தொடமாட்டோம் என்று உறுப்பினரிடம் உறுதிமொழி வாங்கியது. பாதரசம் நஞ்சு என்றார்கள். அது உண்மைதான், ஆனால் தங்கள் வருமானம் போகிறது என்ற பயமும் அதற்குள் இருந்தது. சனம் மலிவானதைத்தான் கேட்டது. 1856இல் சங்கமே கலைந்தது. பிறகு 1890களில் ஜி. வி. பிளாக் என்பவர் கலவையின் அளவுகளைப் பரிசோதித்துச் சீராக்கினார். வெள்ளி நிற அடைப்பு உலகம் முழுக்கப் பரவியது.

சரி, அது பாதுகாப்பானதா? அந்த அடைப்பில் ஏறக்குறைய பாதி பாதரசம். இறுகிய பிறகும் மிகச் சிறிய அளவில் ஆவி வெளிவரும். அமெரிக்காவிலும் லிஸ்பனிலும் பிள்ளைகளைப் பல வருசம் பின்தொடர்ந்த இரண்டு ஆய்வுகள் 2006இல் வெளிவந்தன. மூளை, நரம்பு சார்ந்த குறிப்பிடத்தக்க பாதிப்பு எதையும் அவை காணவில்லை. இருந்தாலும் கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள், சிறுநீரக நோயாளர் போன்றோருக்கு முடிந்தளவு வேறு பொருளைப் பயன்படுத்தச் சொல்லி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020இல் அறிவுறுத்தியது. பழுதில்லாத பழைய அடைப்பைப் பயத்தில் கழற்ற வேண்டாம் என்றும் அதுவே சொன்னது. கழற்றும்போதுதான் ஆவி கூட வரும்.

ஆனால் பாதரசம் வாயோடு நிற்காது. கிளினிக்கின் கழிவுத் தண்ணியிலும், பிணம் எரிக்கும் புகையிலும் வெளியே போகிறது. ஜப்பானின் மினமாட்டாவில் தொழிற்சாலைப் பாதரசம் கடலில் கலந்து, மீன் வழியாக மீனவக் குடும்பங்களைச் சிதைத்தது. அந்த ஊரின் பெயரில் 2013இல் வந்த சர்வதேச உடன்படிக்கை இந்த அடைப்பையும் குறைக்கச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கம், சில விதிவிலக்குகளோடு, அதைத் தடை செய்துவிட்டது.

தடை சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பல்லின் நிறத்திலேயே வரும் புதிய அடைப்புக்குக் காசும் நேரமும் கூட வேணும், பல்லும் ஈரமில்லாமல் இருக்க வேணும். சனம் வரிசையில் நிற்கிற அரச கிளினிக்கில் அதற்கு வசதி செய்யாமல் பழையதை மட்டும் நிப்பாட்டினால், காசில்லாதவருக்கு மிஞ்சுவது குறடுதான். பல்லைப் பிடுங்கிவிட்டு அனுப்புவார்கள். அந்த விலை திரும்பவும் இல்லாதவரின் வாயிலிருந்துதான் போகும்.