லயத்துக் கொல்லையில் மூலிகைத் தோட்டம்: மருந்தும் மந்திரமும்

மலாயாவின் தோட்ட வரலாறு என்றால் தேர்வுத்தாளில் நாம் முதலில் எழுதுவது ரப்பரைத்தான். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளையும், 1888-இல் பூமலையின் பொறுப்பை ஏற்ற ரிட்லியையும் மாணவர்கள் நன்கு அறிவர். இவற்றுக்கெல்லாம் ஆவணம் உண்டு. ஆனால், பால் வெட்டிய குடும்பங்கள் லயத்துக்குப் பின்னால் வைத்த துளசிக்கும் கற்பூரவள்ளிக்கும் எந்தப் பதிவேடும் இல்லை. பாட்டிமார் சொன்ன பேச்சுதான் அதற்கு ஆதாரம். அந்தப் பேச்சு மறைந்தால் வரலாற்றின் ஒரு பகுதியும் மறைந்துவிடும்.

நிலம் எப்படிக் கிடைத்தது?

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளி ஒருவருக்கு ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஒதுக்க வேண்டும் என்றது. சுமார் 2,700 சதுர அடி. எல்லா நிர்வாகமும் இதை ஒரே மாதிரி நடைமுறைப்படுத்தவில்லை. நிலம் கிடைத்த இடத்தில் வெண்டை, கத்தரி, முருங்கை முதலில் வந்தன. வேலியோரமும் குளிக்கிற தண்ணீர் ஓடும் வாய்க்காலோரமும் மூலிகைக்கு ஒதுங்கின. 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சியில் அரிசியோடு மருந்துக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, பலருக்கு இந்தக் கொல்லைதான் கைகொடுத்தது.

வேம்பும் அம்மனும்

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகுவார்கள். "ஆத்தா வந்திருக்கா, உள்ளே வராதே" என்பதே அதன் பொருள். நோயை மாரியம்மனின் வருகையாகக் கண்டது நம்பிக்கை. அதே சமயம், அந்தக் கொத்து ஓர் அறிவிப்புப் பலகையாகவும் வேலை செய்தது. அக்கம்பக்கத்தார் அந்த வீட்டுக்குள் போகமாட்டார்கள். நோய் இறங்கியதும் வேப்பிலையும் மஞ்சளும் கலந்த நீரில் குளிப்பாட்டுவார்கள். மலாய்க் குடும்பங்களிலும் சின்னம்மை கண்டவரை 'செமாம்பு' இலை போட்ட நீரில் குளிப்பாட்டும் வழக்கம் உண்டு. செமாம்பு என்பது நம் வேம்புதான்.

ஆனாலும் ஒன்றை மாணவர்கள் மறக்கக்கூடாது. பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசி. 1980-இல் உலகச் சுகாதார நிறுவனம் அந்நோய் ஒழிந்ததாக அறிவித்தது.

பேர் சொல்லா மருந்து

வசம்புக்கு 'பிள்ளை வளர்ப்பான்' என்றும் 'பேர் சொல்லா மருந்து' என்றும் பெயர்கள் உண்டு. பொழுது சாய்ந்த பிறகு அதன் பெயரை வாயால் சொன்னால் அதன் சக்தி போய்விடும் என்று நம்பினார்கள். கைக்குழந்தைக்குக் காத்து கருப்பு அண்டாமலிருக்க வசம்புத் துண்டுகளைக் கோத்து மணிக்கட்டில் கட்டினார்கள். மலாய்க்காரர்கள் இதையே 'ஜெராங்காவ்' என்பார்கள்; அவர்களிடமும் இது கெட்ட ஆவியை விரட்டும் பொருள். கடலால் பிரிந்த இரண்டு சமூகங்கள் ஒரே வேருக்கு ஒரே வேலையைக் கொடுத்திருக்கின்றன.

நம்பிக்கை பழையது என்பதற்காக அது பாதுகாப்பானதாகிவிடாது. வசம்பில் உள்ள ஆசரோன் என்ற பொருள் விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கியதால், 1968-இல் அமெரிக்கா அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. எனவே வசம்பைக் குழந்தைக்கு உரைத்துக் கொடுக்க வேண்டாம்.

துளசி தூங்குமா?

"பொழுது சாஞ்சப்புறம் துளசியைப் பறிக்காதே, அது தூங்குது" என்பார்கள். இருட்டில் கொல்லைக்குப் போனால் பூச்சி பொட்டு கடிக்கும் என்பதற்காகவே அப்படிச் சொன்னார்கள் என்று இன்று விளக்கம் தருகிறோம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது நாம் பின்னால் சேர்த்த விளக்கம். அன்று சொன்னவர்கள் துளசியைத் தெய்வமாகவே நினைத்துச் சொன்னார்கள். ஒவ்வொரு நம்பிக்கைக்குள்ளும் அறிவியலைத் தேடிச் செருகினால், அந்த மக்கள் உண்மையில் என்ன நினைத்தார்கள் என்பது மறைந்துபோகும். வரலாறு எழுதுபவர் நடைமுறை, நம்பிக்கை, பிற்கால விளக்கம் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டும்.

முதல் தோட்டம் தொடங்க

1950-களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலால் பல குடும்பங்கள் லயத்தை விட்டு வெளியேறின. பிறகு அடுக்குமாடி வீடுகள் வந்தன. கொல்லை போனது; பூந்தொட்டி வந்தது. பள்ளியிலும் வீட்டிலும் தொட்டியிலேயே தொடங்கலாம்.

கற்பூரவள்ளி மிக எளிது. ஒரு சாண் தண்டை ஒடித்து நட்டாலே வேர் பிடிக்கும். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும், அவ்வளவுதான். துளசிக்கு நல்ல வெயில் வேண்டும். பூங்கதிரைக் கிள்ளிவிட்டால் இலை அதிகம் துளிர்க்கும். மஞ்சளுக்கு முளைவிட்ட கிழங்குத் துண்டு போதும், ஆனால் அறுவடைக்கு எட்டு ஒன்பது மாதம் பொறுக்க வேண்டும். வெற்றிலைக்கு அரைநிழலும் பற்றிப் படர ஒரு கொம்பும் தேவை. நம் தாம்பூலத்திலும் மலாய்த் திருமணத்துச் 'சீரே' தட்டிலும் இடம்பெறும் இலை அது. பல்லினப் பாடத்துக்குப் பொருத்தமான செடி.

வகுப்பறைக்கு

ஆசிரியர்கள் ஒவ்வொரு தொட்டியிலும் ஓர் அட்டை வைக்கலாம். செடியின் தமிழ்ப் பெயர், மலாய்ப் பெயர், எதற்குப் பயன்பட்டது, என்ன நம்பினார்கள், யார் சொன்னது என ஐந்து வரி போதும். கடைசி வரிதான் முக்கியம். "பாட்டி, லயத்துல என்னென்ன செடி வச்சிருந்தீங்க?" என்று மாணவர் கேட்டு, பதிலையும் பாட்டி வாழ்ந்த தோட்டத்தின் பெயரையும் ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதையும் எழுதிக்கொண்டால் அது வாய்மொழி வரலாற்று ஆதாரம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. செடியை அடுத்த பருவத்திலும் நடலாம். கேள்வியை இந்தப் பள்ளி விடுமுறையிலேயே கேட்டுவிட வேண்டும்.