தனிமையைக் கேட்பவர் யார்? குறுந்தொகை 6, 'உயர்ந்த மனிதன்' நிலாப் பாடல்: ஓர் ஒப்பீடு

சங்கத் தலைவியின் தனிமை தோழியிடம் பகிரப்படுவது, திரைப்பாடலின் தனிமையோ கேட்பாரற்றது என்னும் பொதுக்கருத்து மறு ஆய்வுக்குரியது.

பதுமனார் இயற்றிய குறுந்தொகை 6ஆம் பாடல் நான்கு அடிகளாலானது. நள்ளிரவில் மாந்தர் பேச்சொழிந்து உறங்க, உலகமும் துயில, தலைவி ஒருத்தியே விழித்திருக்கிறாள். பாடலுள் விளிச்சொல் இல்லை. இது தோழிக்குக் கூறியது என்பது, பிற்காலத்தில் சேர்க்கப்பட்டதாக ஆய்வாளர் பலர் கருதும் துறைக்குறிப்பாலேயே தெரியவருகிறது. அக்குறிப்பை நீக்கினால், கேட்பவர் சுட்டப்படாத ஒரு குரலே எஞ்சும்.

1968இல் வெளிவந்த 'உயர்ந்த மனிதன்' திரைப்படத்திற்கு வாலி எழுதி, எம்.எஸ். விசுவநாதன் இசையில் பி. சுசீலா பாடிய நிலாப் பாடலிலும் தலைவன் அருகில் இல்லை. ஆயின் தலைவி, இன்று சென்று நாளை வருமாறு நிலவைப் பணிக்கிறாள், தென்றலையும் விளிக்கிறாள். கேளாதவற்றைக் கேட்பனபோல் விளித்துப் புலம்பும் இம்முறையை அகமரபு 'காமம் மிக்க கழிபடர் கிளவி' எனக் குறிக்கும். மேலும், நாளை என்னும் குறிப்பில் தலைவன் வருவான் என்ற நம்பிக்கை உள்ளது. பதுமனாரின் தலைவிக்குப் பாடலுள் அந்நம்பிக்கையும் இல்லை.

ஆகவே, திரைப்பாடல் அகமரபின் விளிமுறையைத் தொடர்கிறது. கேட்பாரற்ற தனிமை குறுந்தொகைப் பாடலிலேயே மிகுந்துள்ளது. துறைக்குறிப்பைப் பாடலின் பகுதியாகவே கொள்ளும் ஒப்பீடு இவ்வேறுபாட்டைக் காணத் தவறும்.