இந்தோனேசிய இளைஞர் எடுத்த உறுதிமொழி

வளரும் நாட்டில் பிறந்த இளைஞனுக்குச் சோதனைகள் பல. கல்வி சிலருக்கே வாய்க்கிறது. கற்றவர்க்கும் ஏற்ற பணி எளிதிற் கிட்டுவதில்லை. சமயமும் மொழியும் பிறந்த ஊரும் மக்களைப் பிரித்து வைக்கின்றன. இந்நிலையில் தலைமை ஏற்க விழையும் இளைஞர் முதற்கண் செய்யவேண்டுவது யாது? இவ்வினாவிற்கு இந்தோனேசிய நாட்டு வரலாறு தக்கதொரு விடை தருகிறது.

அந்நாடு பல்லாயிரம் தீவுகளின் கூட்டம். அங்கு வழங்கும் மொழிகளோ பல நூறு. டச்சுக்காரர் அதனை ஆண்ட காலத்தில், 1930-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி, மக்கள் ஏறத்தாழ 6 கோடியினர். அவர்களுள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 7 பேர் அளவினரே. உயர்கல்வி பெற்ற சிலரும் டச்சு மொழி வாயிலாகவே பயின்றனர். எனினும் அக்கல்வி ஆட்சியாளர் எண்ணாத ஒரு பயனையும் விளைத்தது. ஜாவா, சுமத்திரா, அம்போன் முதலிய தீவுகளின் பிள்ளைகள் தலைநகராகிய பத்தாவியாவின் கல்லூரிகளில் ஒன்றாக அமர்ந்து பயின்றனர். இன்று ஜகார்த்தா எனப்படுவது அந்நகரே.

1908-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் அந்நகரின் மருத்துவப் பள்ளி மாணவர்கள் 'புடி உத்தோமோ' என்னும் சங்கத்தை நிறுவினர். அவர்களுள் முதல்வராக நின்ற சுதோமோவுக்கு அப்போது வயது 19. ஆயினும் அச்சங்கத்தின் நோக்கு பெரும்பாலும் ஜாவாவைக் கடந்து செல்லவில்லை. பின்னர்த் தோன்றிய இளைஞர் சங்கங்களும் ஜாவா இளைஞர், சுமத்திரா இளைஞர், அம்போன் இளைஞர் எனத் தத்தம் தீவின் பெயராலேயே இயங்கின. ஆர்வம் மிகுந்திருந்தது, ஒருமை இல்லை.

இக்குறையைப் போக்கவே 1926-இல் முதல் இளைஞர் மாநாடு கூடிற்று. இரண்டாம் மாநாடு 1928-ஆம் ஆண்டு அக்டோபர் 27, 28 ஆகிய நாட்களில் நடைபெற்றது. தலைமை தாங்கிய சுகொண்டோவுக்கு வயது 23. செயலாளராகிய முகம்மது யாமினுக்கு 25. பிற்காலத்தில் நாட்டுப் பண்ணாக விளங்கிய பாடலைச் சுப்ரத்மான் என்பவர் அங்கே வயலினில் இசைத்தார். ஆட்சியாளரின் கண்காணிப்பு இருந்தமையால் அதன் சொற்கள் பாடப்படவில்லை. இசை மட்டுமே ஒலித்தது. முடிவில் இளைஞர் மூன்று உறுதிகளை ஏற்றனர். தாயகம் ஒன்று, தேசிய இனம் ஒன்று, ஒற்றுமைக்குரிய மொழியாக இந்தோனேசிய மொழியைப் போற்றுவோம் என்பன அவை.

மூன்றாம் உறுதியே நம் சிந்தனைக்குரியது. நாட்டில் மிகுதியானோர் பேசிய மொழி ஜாவா மொழி. மக்களுள் நூற்றுக்கு 40-க்கும் மேற்பட்டோர் ஜாவா இனத்தவர். அவ்வாறிருந்தும் பொதுமொழியாகத் தேர்ந்தது, சிறுபான்மையோரின் தாய்மொழியான மலாய் மொழியையே. துறைமுகங்களிலும் சந்தைகளிலும் பல தீவினரும் நெடுங்காலமாக அதனைக் கையாண்டு வந்தனர். ஜாவா மொழியிலோ, பேசுவோரின் உயர்வு தாழ்வுக்கேற்பச் சொற்களே வேறுபடும். மலாய் மொழியில் அத்தகைய வேறுபாடு குறைவு. ஜாவா இளைஞர் தம் எண்ணிக்கை வலிமையைக் காட்டி உரிமை கோரவில்லை. ஏனைய மொழிகள் கைவிடப்படவும் இல்லை. அவரவர் இல்லத்தில் அவரவர் தாய்மொழி வாழ்ந்தது. டச்சு மொழியிலேயே எழுதியும் பேசியும் பழகிய அவ்விளைஞரிற் பலர், தாம் ஏற்ற பொதுமொழியைத் தாமே முயன்று பயில வேண்டியிருந்தது.

பதினேழு ஆண்டுகள் கழிந்தன. 1945 ஆகஸ்டு 16-இல் வேறொரு தலைமுறை இளைஞர், விடுதலையை உடனே அறிவிக்குமாறு வற்புறுத்திச் சுகர்ணோவையும் ஹத்தாவையும் ரெங்காஸ்டெங்க்லோக் என்னும் ஊருக்குக் கொண்டு சென்றனர். மறுநாள் விடுதலை அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டின் அரசியலமைப்பு இந்தோனேசிய மொழியை ஆட்சிமொழி ஆக்கிற்று.

உறுதிமொழி ஒன்றினால் வறுமை அகன்றுவிடவில்லை; விடுதலைக்குப் பின்னரும் வட்டாரப் பிணக்குகள் எழுந்தன. ஆயினும் அவற்றைப் பற்றி ஒருவரோடொருவர் கலந்து பேசப் பொதுமொழி ஒன்று அம்மக்களுக்கு இருந்தது. பள்ளிகளும் செய்தித்தாள்களும் அதனை ஊர்தோறும் கொண்டு சென்றன.

மாணவர்களே! தலைமை என்றதும் மேடையும் மாலையும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. பத்தாவியாவிற் கூடிய இளைஞரோ, தமக்கு மிகுதியாக உள்ள வலிமையைப் பிறர்மீது செலுத்தாதிருப்பதே தலைமையின் முதற்பாடம் எனக் கொண்டனர். உங்கள் மாணவர் மன்றத்திலும் ஊர்ச் சங்கத்திலும் பெரும்பான்மை உங்கள் பக்கம் இருக்கும் நாளில் இதனை எண்ணிப் பாருங்கள்.