ஏரியே முற்றம்

ஒல்லாந்தர் 1613இல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பித் துணி வாணிபத்தால் தேசாந்தரக் கீர்த்தி தேடித் தந்த பழவேற்காட்டில், கீர்த்தி மங்கிய பின்னரும் மங்காதிருந்தது, தேகாப்பியாசமும் ஜீவனோபாயமும் வேறுபடாத குடும்ப வழக்கமாகும். பெரும்பகுதி இடுப்பளவே ஆழமுள்ள அவ்வூர் ஏரியில், இருளர் பெண்கள் பனையோலைப் பறியின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு, தவழ்ந்து, சேற்றைத் துழாவி வெறுங்கையால் இறால் பற்றுவதைக் கண்டவர்கள், அதற்கு நிகரான அப்பியாசத்தை எந்தக் கூடத்திலும் காணார். மீன்பிடி இடங்களைச் சீட்டிட்டுப் பகிரும் பாடு முறையில் தம் சீட்டு விழுந்த இடத்துக்குத் தகப்பன்மார் போய்த் திரும்பும்வரை, பிள்ளைகள் ஈரமணலில் கோடு கிழித்துச் சடுகுடு ஆடுவர். படகு தெரிந்ததும் ஆட்டம் பாதியில் கலைந்து, வலை உதறக் கைகள் சேரும்.

அன்றைய அந்த ஆட்டத்தின் இடத்தை மெல்ல மெல்லத் திரை பிடித்தது. 1975 ஆகஸ்டு 15இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிற்று. பின்னர் வந்த பஞ்சாயத்துப் பெட்டியின் முன் ஊர் கூடியதாவது திருவிழாவை ஒத்திருந்தது. 2006க்குப் பின் இலவச வண்ணப்பெட்டி வீட்டுக்குள் புகுந்தது. கைபேசியோ, கொரோனாக் காலத்துப் பள்ளிப் பாடமென்னும் நியாயத்தோடு உள்ளங்கைக்கே வந்துவிட்டது. பிள்ளைகளைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. முகத்துவாரம் மணலால் தூர்ந்து மீன் அருகிவிட, தகப்பனே வேறு வேலை தேடிப் புறப்பட்ட வீட்டில், வலை உதற வாவென்று கூப்பிட யார் இருக்கிறார்?